மூவாயிரம் வெள்ளிக்குக் கைக்கடிகாரமா? நம் ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆலைக்காரன் (தெலுக் இந்தான், மலேசியா)
வணக்கம். செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கொஞ்ச காலமாகவே பழைய செய்க்கோ 5 கடிகாரங்களைச் சேர்த்து வருகிறேன். இப்போது மூவாயிரம் வெள்ளிக்குமேல் போட்டு ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் எடுக்க ஆசை. வீட்டில் எதிர்ப்பு. கூட்டாளிகள் "கைப்பேசியிலேயே மணி தெரியுதே" என்கிறார்கள்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்மூடி கண்ணாடியாக உள்ள கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். சுருட்டி வைத்த மெயின் ஸ்பிரிங் விரியத் துடிக்கும். ஒரேயடியாக விரிந்துவிடாமல் அதன் விசையை எஸ்கேப்மென்ட் அளந்து அளந்து விடும். அந்த விசையில் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆட, முடியைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங் அதைத் திருப்பித் திருப்பி இழுக்கும். பல சுவிஸ் எந்திரங்கள் மணிக்கு 28,800 முறை அடிக்கும், விநாடிக்கு எட்டு. ஒரு நாளைக்கு 691,200. இதில் மின்கலம் கிடையாது, மின்சுற்று கிடையாது. நாளுக்கு 5 விநாடி தவறினாலே குறை சொல்கிறோம். ஒரு நாளில் 86,400 விநாடி இருப்பதால், அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழை. எங்கள் ஆலையில் எந்த எந்திரமும் இந்தத் துல்லியத்துக்குக் கிட்டே வராது. இத்தனையும் என் மணிக்கட்டின் அசைவிலேயே ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கிராணி மகள்
தம்பி, அழகை நான் மறுக்கவில்லை. துல்லியம் என்று ஆரம்பித்தீர்கள், அதற்கு மட்டும் முதலில் பதில். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மலிவு குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கே சுமார் 15 விநாடிதான் தவறும். சுவிஸ் கடிகாரத்துக்கு 15 நாள் சோதித்துத் துல்லியத்துக்கான குரோனோமீட்டர் சான்று கொடுக்கிறார்களே, அந்த விதிப்படியே நாளுக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். 1969 டிசம்பர் 25ஆம் தேதி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்க்கோ அஸ்ட்ரோன் தோக்கியோவில் விற்பனைக்கு வந்தபோதே இந்தப் போட்டி முடிந்துவிட்டது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் இருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஆள்தான் மிச்சம். மணி காட்டுவதில் தோற்றதைப் பிறகு கௌரவம் என்று சொல்லி விற்கத் தொடங்கினார்கள்.

அடுத்தது பணம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நீங்கள் சொல்லும் தொகை ஒரு தோட்டத் தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. உங்களால் முடியலாம். உங்களைப் பார்த்து இருபது வயதுப் பையன் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறான். நான் கடன் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பதால் அந்தக் கையெழுத்துகளைத் தினமும் பார்க்கிறேன். அதே காசுக்குத் தங்கம் எடுத்தால் பிள்ளைக்குப் பள்ளி திறக்கும் நேரத்தில் அடகுக் கடையாவது கைகொடுக்கும்.

டேடோனா கனவு
அக்கா, கடிகாரமும் தங்கம் மாதிரிதான். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் அமெரிக்க டாலருக்குமேல் போனது தெரியுமா?

கிராணி மகள்
பால் நியூமன் கட்டினார் என்பதால் அந்த விலை. நீங்கள் கட்டியதற்கு யார் கொடுப்பார்? 2022 தொடக்கத்தில் இரண்டாம் கைச் சந்தை உச்சத்துக்குப் போய் அதே ஆண்டில் இறங்கியதே, அப்போது உச்சத்தில் வாங்கியவர்கள் நிலை என்ன?

ஆலைக்காரன்
இதில் நான் அக்கா பக்கம். முதலீடு என்று நினைத்து இந்தப் பக்கமே வரக்கூடாது. நான் எடுக்க நினைக்கும் ரகம் கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

பழைய பெரட்டு
கிராணி மகள்னு பேர் வச்சிருக்கீங்கம்மா. தோட்டத்துல ஆள் கணக்கு எழுதுற கிராணின்னா உங்க அப்பா கையில கடிகாரம் இருந்திருக்கும். எங்க அப்பா கையில இல்ல. விடியறதுக்கு முன்ன, பேர் கூப்பிடற பெரட்டுக் களத்துல நிக்கணும். கிராணி கடிகாரம் என்ன சொல்லுதோ அதுதான் தோட்டத்துக்கு நேரம். அது அஞ்சு நிமிஷம் முந்தி ஓடினா பிந்தி வந்தது நாங்க. வேலை இல்லன்னு திருப்பி அனுப்பினா அன்னிக்குக் கூலி இல்ல. "இன்னும் நேரம் ஆகல"ன்னு எதிர்த்துச் சொல்ல எங்க கிட்ட என்ன ஆதாரம் இருந்துச்சு?

நான் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசுல வாங்கின முதல் பொருள் ஒரு செய்க்கோ 5. 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளச் சொல்லி அரசாங்கம் அறிவிச்சுது. சபா, சரவாக் நேரத்தோட தீபகற்பத்தையும் ஒண்ணாக்கினாங்க. அன்னிக்கு எங்க லயத்து வீடுகள்ல கடிகாரம் வச்சிருந்தவங்க எல்லாரும் அவங்கவங்க கையால முள்ளைத் திருப்பினோம். அதுக்கு அப்புறம் விடியறதே அரை மணி தள்ளிப்போச்சு, பெரட்டு கும்மிருட்டுல நடந்துச்சு. ஆனா மணி என்னன்னு எவனையும் கேக்க வேண்டியதில்ல. கௌரவம்னு சொன்னீங்களே, அதை யாரும் எங்களுக்கு விக்கல. நாங்களே சம்பாதிச்சோம்.

கிராணி மகள்
ஐயா, நீங்கள் சொன்னது முழு உண்மை, என் வீட்டாரிடமும் இதைக் காட்டுவேன். ஆனால் உங்கள் கடிகாரம் உங்களுக்குத் தேவை. அது கொடுத்த பாதுகாப்பை இன்று எந்தக் கைப்பேசியும் கொடுக்கிறது. ஒரு தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் செய்க்கோ விற்றதால்தான் உங்கள் லயத்துக்கு அது வந்தது. அதே நியாயத்தை மூவாயிரம் வெள்ளிக் கடிகாரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

சுங்கை மானிக் ரைடர்
என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். ஸ்மார்ட் வாட்ச் இதயத் துடிப்பைக் காட்டும், விழுந்தால் ஆள் கூப்பிடும். அம்மா தனியாக இருக்கிறார், அவர் கையில் அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

ஆலைக்காரன்
அம்மாவுக்கு அதுதான் சரி, மாற்றுப் பேச்சே இல்லை. ஆனால் சில வருடத்தில் மின்கலம் தளரும், மென்பொருள் வருவதும் நின்றுவிடும். ஐயாவின் செய்க்கோவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

அக்கா, அஸ்ட்ரோன் முதலில் வந்தபோது விலை 450,000 யென். அன்றைக்கு அது ஒரு சின்னக் காரின் விலை. அப்படி வந்த குவார்ட்ஸ் சில வருடத்திலேயே நேரத்தை மலிவாக்கிவிட்டது. மணி காட்டும் கடமையிலிருந்து விடுபட்ட எந்திரத்தை இப்போது எந்திரத்துக்காகவே பார்க்க முடிகிறது. நம் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் கட்டியது, கடிகாரம் லண்டன் ஜே. டபிள்யூ. பென்சன் கம்பெனியுடையது. எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது என்று அதைக் கழற்றிவிடலாமா? நம் நாட்டிலேயே 2017இல் தொடங்கிய மிங் என்ற கடிகார நிறுவனம் இரண்டே ஆண்டில் ஜெனீவாவின் கிராண்ட் பிரீ கடிகார விருதுகளில் ஒன்றை வாங்கியது. இங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கலையில் இடம் உண்டு.

கிராணி மகள்
கோபுரம் ஊருக்குப் பொது தம்பி. மீன் விற்க வந்தவரும் நிமிர்ந்து பார்க்கலாம். உங்கள் பின்மூடிக் கண்ணாடி வழியாக யார் பார்ப்பார்? நீங்கள் மட்டும்தான்.

அஞ்சடிக் கடிகாரக்காரர்
ரொம்ப நாளாக இந்த ஊர் அஞ்சடியில், கடை வரிசை முன் நடைபாதையில், கடிகாரம் பழுது பார்க்கிறேன். இரண்டு பேரும் விட்ட சங்கதியைச் சொல்கிறேன்.

மலிவு குவார்ட்ஸ் என்னிடம் வந்தால் நான் பழுது பார்ப்பதில்லை. உள்ளே பிளாஸ்டிக் எந்திரம். எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைப்பேன், அதுதான் மலிவு. செய்க்கோவின் 7S26 எந்திரம் 1996இல் வந்தது. தேய்மானம் குறைக்கும் 21 கல், மணிக்கு 21,600 முறை அடிக்கும். கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கைச் சுருட்டும் ரோட்டரில் "மலேசியா" என்றே பொறித்த உருப்படிகள் நிறைய என் மேசைக்கு வரும். நாளுக்கு இருபது விநாடி முன்னே பின்னே ஓடினாலும் அதைக் குறை என்று சொல்ல முடியாது, அந்த எந்திரத்தின் அளவே அப்படி. ஆனால் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டினால் மறுபடி ஓடும். தேய்ந்த சக்கரம் வேறொரு பழைய எந்திரத்திலிருந்து கிடைக்கும். பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள் கையில் வேர்வையிலும் மழையிலும் கிடந்தவற்றை இன்றும் ஓட வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்துகிறது என்று பதறிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் காந்தம்தான். கைப்பேசி உறை, ஒலிபெருக்கி பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஹேர் ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வேகம் கூடிவிடும். காந்தம் நீக்கும் கருவியில் காட்டி எடுத்தால் நொடியில் சரி. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

ஆலைக்காரத் தம்பி, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய சுவிஸ் கம்பெனிகள் பல என்னைப் போன்ற வெளி ஆளுக்கு உதிரிப்பாகம் தருவதில்லை. ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் ஒரு சர்வீஸ் வேண்டும், எண்ணெய் காய்ந்துவிடும். கம்பெனி நடுவத்துக்கு அனுப்பினால் அவர்கள் சொல்வதுதான் விலை. வாங்குவதற்கு முன்னால் உள்ளே என்ன எந்திரம், அதன் பாகம் வெளியே கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம் இணையத்தில் பளபளவென்று வரும் பழைய செய்க்கோ 5களில் பல, டயலுக்குப் புது வண்ணம் பூசியவை. அவற்றைச் சேர்க்காதீர்கள்.

கிராணி மகள்
அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். பழுது பார்க்கலாம் என்பதுதான் அந்தக் கடிகாரத்தின் பெருமை. ஆனால் விலை ஏற ஏறப் பழுது பார்க்கும் உரிமை நம் ஊர்க் கையை விட்டுப் போகிறது. அப்படியானால் ஐயா லயத்துக்கு வாங்கி வந்த செய்க்கோ, தம்பி வாங்கப் போவதைவிட உயர்ந்த பொருள். இதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

ஆலைக்காரன்
மறுக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு அந்த மேல்வேலையும் பார்க்க வேண்டும் அக்கா. விளிம்பில் பிசிறு ஒன்றுகூட இல்லாமல் தீட்டிய, சக்கரங்களைத் தாங்கும் பாலம், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் போட்ட கோடுகள். யாரும் பார்க்காத பக்கத்தைக்கூட ஒருவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்பதற்காகவே காசு கொடுப்பேன். தவணை இல்லை, போனஸ் சேமிப்பிலிருந்து எடுக்கிறேன். ஆனால் வெளியே பாகம் கிடைக்கும் எந்திரமாகத்தான் எடுப்பேன்.

கிராணி மகள்
கைக்காசு உங்களுடையது, தடுக்க மாட்டேன். ஆனால் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பையன்கள் கேட்டால் கடை விலையோடு அடுத்த பத்து வருட சர்வீஸ் செலவையும் கூட்டிச் சொல்லுங்கள்.

ஆலைக்காரன்
சொல்கிறேன் அக்கா. அஞ்சடி அண்ணே, எந்திரத்தைப் பிரித்துப் பூட்ட எனக்குக் கற்றுத் தருவீர்களா?

அஞ்சடிக் கடிகாரக்காரர்
சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் வாங்க. ஓடாத பழைய செய்க்கோ 7009 எந்திரம் ஒன்று கிடக்கிறது, அதில் ஆரம்பிக்கலாம். கைப்பேசியை மேசையில் வைக்கக்கூடாது.