ஃபால் கிளியரன்ஸ்: ‘விழுவெளி’ சரியாக இருக்குமா?

அனைவருக்கும் வணக்கம்.

உயரத்தில் வேலை செய்வோருக்கான பாதுகாப்புக் கையேட்டில் ‘ஃபால் கிளியரன்ஸ்’ என்பதற்குச் சொல் வேண்டும். ‘பாதுகாப்பு இடைவெளி’ என்றால் விளிம்பிலிருந்து தள்ளி நிற்கும் தூரம் என்று படிப்பவர் நினைப்பார். ‘விழும் தூரம்’ என்பது ஆள் உண்மையில் விழுகிற அளவு. நாம் குறிக்க வேண்டியது, விழுந்தவர் எதிலும் மோதாமல் கயிற்றில் நிற்கக் கீழே காலியாக இருக்கவேண்டிய உயரம். ‘விழுவெளி’ என்று முன்மொழிகிறேன்.

கணக்கு இப்படி: பெல்ட்டின் கயிறு 2 மீட்டர். அதிலுள்ள ஷாக் அப்சார்பர் (விழும்போது தையல் பிரிந்து விரியும் நாடா) கிழிந்து நீளும் அளவு, ஐரோப்பியத் தரமான ஈஎன் 355இன்படி அதிகபட்சம் 1.75 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். பாதத்துக்குக் கீழே கைவசம் 1 மீட்டர். மொத்தம் 6.25. ஒரு தளம் 3 மீட்டர் என்றால் இரண்டு தள உயரம்கூடப் போதாது.

———

> ‘விழுவெளி’ என்று முன்மொழிகிறேன்.

சொல் நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் எங்கிருந்து அளப்பது? 6.25 என்பது கயிற்றின் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து போட்ட கணக்கு. சாரத்தில் நிற்பவர் தன் காலடியிலிருந்துதான் அளப்பார். கொக்கி காலடியில் இருந்தால் இரண்டும் ஒன்றே. 1.5 மீட்டர் உயரத்தில், தோள்மட்டத்தில் மாட்டினால் காலடிக்குக் கீழே 4.75 போதும். தடையின்றி விழும் உயரமும் 3.5 மீட்டரிலிருந்து 2 ஆகக் குறைவதால் நாடாவும் அவ்வளவு கிழியாது. ‘கொக்கிக்கீழ் வெளி’ என்று வைத்தால் யாரும் தவறாக அளக்க மாட்டார்கள்.

ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்வு உறிஞ்சி’ வேண்டவே வேண்டாம். அது இயந்திரத்துக்கு அடியில் வைக்கும் ரப்பருக்குப் பொருந்தும். இங்கே நடப்பது வேறு. 100 கிலோ 4 மீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 3,900 ஜூல். வெறும் கயிறு 10 செ.மீ. மட்டும் நீண்டு நிறுத்தினால் சராசரி விசையே 40 கிலோநியூட்டன். நான்கு டன் எடைக்குச் சமம். ஈஎன் 355 அனுமதிக்கும் உச்சம் 6 கிலோநியூட்டன்தான். தையல் பிரிந்து, சராசரி 4 கிலோநியூட்டன் விசையில் நாடா விரிந்தால், அந்த ஆற்றலும் விரியும்போது ஆள் மேலும் இறங்குவதால் சேரும் ஆற்றலும் தீர 1.3 மீட்டர் பிடிக்கும். விரிவதுதான் அதன் வேலை என்பதால் ‘விரிநாடா’ எனலாம்.

———

விரிநாடா மிகப் பொருத்தம். கையேட்டில் அந்தச் சொல்லுக்கான பதிவிலேயே ஓர் எச்சரிக்கையும் வரவேண்டும்: கருவிகளோடு சேர்த்து ஆள் 120 கிலோ என்றால், அதே 4 மீட்டர் வீழ்ச்சிக்கு 1.67 மீட்டர் விரிய வேண்டும். 1.75 எல்லைக்கு மிக அருகில் போய்விட்டது. நாடா முழுவதும் விரிந்தபின் ஆற்றல் மிச்சமிருந்தால் அது ஒரே வெட்டாக உடலில் இறங்கும். ஒருமுறை தையல் விட்ட நாடாவை மறுபடி மாட்டவும் கூடாது.

‘கொக்கிக்கீழ் வெளி’ பேச்சில் நிற்காது என்று நினைக்கிறேன். தலைப்புச்சொல் விழுவெளியாகவே இருக்கட்டும். அளக்கும் இடத்தை வரையறையில் சொல்லிவிடுவோம். ‘தேவையான விழுவெளி’, ‘உள்ள விழுவெளி’ என்று பிரிக்கவும் வசதி. உள்ளதை அளக்கும்போது தரையை மட்டும் பார்த்தால் ஆபத்து. நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பி, சாரத்தின் குறுக்குக் குழாய், கீழே நிற்கும் லாரி, எது முதலில் இடிக்குமோ அதுவரைதான் கணக்கு.

வேகம் குறைந்து நிற்கும் தூரத்துக்கு, வேகம் குறைவதைக் குறிக்கும் தமிழ்நாட்டுப் பாடநூலின் எதிர்முடுக்கமும் வேண்டாம், எங்கள் இலங்கைப் பாடநூலின் அமர்முடுகலும் வேண்டாம். ‘நிறுத்துதூரம்’ இரு பக்கமும் விளங்கும்.

வரைவு: விழுவெளி – கொக்கி மாட்டிய புள்ளியிலிருந்து நேர்கீழாக முதல் தடை வரை உள்ள உயரம்.

கொக்கி பக்கவாட்டில் தள்ளி இருந்தால் ஆள் ஊசல்போல் வீசப்பட்டுத் தூணில் மோதுவார். இந்த வரையறை அதைப் பிடிக்காது. அதற்கு ‘ஊசல்வீழ்வு’ என்று தனிப்பதிவு போடலாமா?