ஆபீஸ் மாறியபோது லாரியில் ஏறாத சாமான்கள்

எங்களுடையது 11 பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பக்க வடிவமைப்பு செய்கிறோம். 2020-க்கு அப்புறம் எந்த நாள் எண்ணினாலும் பாதி நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வாடகை ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் முதலாளி முடிவு செய்துவிட்டார்: சர்வரும் இரண்டு மேஜையும் வைக்க ஓர் அறை போதும், மற்றவர்கள் வீட்டிலிருந்து வேலை. இடம் மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்றவர்களைவிட எனக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடத் தெரியும், அவ்வளவுதான் தகுதி.

மேஜை, பீரோ எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லோருடைய கோப்புகளும் நான்கு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு பெட்டியில் இருந்தன. வண்டி குலுங்கினால் வம்பு என்று டிஸ்க்குகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று 1, 2, 3, 4 எழுதி ஒட்டி, தனித்தனியாகச் சுற்றினேன். அதுவரைக்கும் கெட்டிக்காரன்தான். பேக்கப் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கையும், பத்திரமாக இருக்கட்டுமே என்று அதே அட்டைப்பெட்டியில் வைத்து டேப் போட்டுவிட்டேன். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. அசலும் நகலும் ஒரே பெட்டியில், ஒரே வண்டியில்!

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க."

"உள்ள கண்ணாடிச் சாமானா சார்?"

கண்ணாடியாக இருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று 3-2-1 விதியை நானே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

டிஸ்க் எதுவும் சாகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் வீட்டிலிருந்து ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பழைய இடத்தில் இருந்த அதே ரவுட்டர், வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பத்திரமாக நுழைய வைக்கும் அதே விபிஎன் அமைப்பு. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ரவுட்டரைத் தட்டியும் பார்த்தேன். மதியத்துக்கு மேல் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இணைய முகவரியைக் கவனித்தேன். 100.72 என்று ஆரம்பித்தது. வெளி உலகத்துக்கு எங்கள் முகவரி என்ன என்று ஒரு தளத்தில் பார்த்தால் அங்கே வேறு எண்.

விஷயம் இதுதான். புதிய இணைப்பு கொடுத்தவர்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சிஜிநாட் என்பார்கள். 100.64-இலிருந்து 100.127 வரையுள்ள எண்கள் இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து யாரும் வந்து கதவைத் தட்ட முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரி இருக்கிறது, வீட்டு எண் இல்லாத மாதிரி. நிலையான பொது முகவரி வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் பென் டிரைவோடு வீடு வீடாகப் போனேன்.

வேறு யாராவது இடம் மாற்றியிருந்தால் எழுதுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தெரிய வேண்டும்.

*

உங்களுக்கு மட்டும் இல்லை. எங்களுக்குப் பொது முகவரி இருந்தது, விபிஎன்னும் முதல் நாளே வேலை செய்தது. ஆனாலும் அழுதோம்.

நான் கணக்குப் பிரிவு. எங்கள் கணக்கு மென்பொருள் பழைய வகை. டேட்டா ஒரு ஃபோல்டரில் இருக்கும், மென்பொருள் அதைத் திறந்து படிக்கும். ஆபீசுக்குள் கேபிளில் அது ஒரு நொடி வேலை. வீட்டிலிருந்து விபிஎன் வழியாக ஒரு லெட்ஜரைத் திறந்தால், எழுந்து போய்த் துணி காயப் போட்டுவிட்டு வரலாம், அப்போதும் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு இணைப்பின் வேகத்தைக் கூட்டினோம், பலனில்லை. அப்புறம்தான் புரிந்தது, மென்பொருள் ஒவ்வொரு சின்ன விவரத்துக்கும் சர்வரிடம் ஒருமுறை போய்க் கேட்டுத் திரும்புகிறது. ஆபீசில் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாக ஆகும் பயணம், வீட்டிலிருந்து 30, 40 மில்லி செகண்ட். ஆயிரக்கணக்கான தடவை போய் வந்தால் என்ன ஆகும், பெருக்கிப் பாருங்கள். இதில் ஆபீஸ் பக்கத்து அப்லோடு வேகமும் சேர்ந்து இழுத்தது. நமக்கு இறங்குகிற கோப்பு அங்கிருந்து ஏற வேண்டுமே.

ஒரு நாள் பதிவு செய்யும் நடுவில் இணைப்பு அறுந்து, டேட்டா கெட்டுப்போய், முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து எடுத்து எல்லா வவுச்சரையும் மறுபடி அடித்தேன். அதோடு ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மாறினோம். மென்பொருள் ஆபீஸ் மெஷினிலேயே ஓடும், எனக்குத் திரையின் படம் மட்டும் வரும். இப்போது இணைப்பு போனாலும் அங்கே வேலை அப்படியே நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், விபிஎன் தலைவலி என்று, ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலான 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். எங்களுக்கு வந்த டெக்னீஷியன் "தற்காலிகமா" என்று திறந்துவிட்டுப் போனார். ஒரே இரவில் சர்வரின் லாக் பதிவேடு முழுக்க அட்மினிஸ்டிரேட்டர் என்ற பெயரில் யார் யாரோ கடவுச்சொல் முயன்ற பதிவுகள்.

*

சுருக்கமாக ஒன்று. வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுக்கும் எங்கள் இணையப் பக்கம் ஆபீஸ் மெஷினிலேயே ஓடியது. லைன் மாறியதும், தளத்தின் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் புது முகவரியைப் போட்டோம், ஆனால் பழைய முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 நொடி என்று இருந்தது. அதாவது 24 மணி நேரம். பாதி வாடிக்கையாளர்கள் மறுநாள் வரை காலி அறையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் முன்னாலேயே அதை 300 ஆக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

*

எல்லோரும் மெஷினைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் அப்படி வேண்டாமென்று ஒதுக்கிய நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவள்.

முதல் மாதம் சொர்க்கம். மூன்றாவது மாதம் முதுகுவலி, காரணம் சாப்பாட்டு மேஜை. ஆனால் எனக்கு நிஜமாகவே இல்லாமல் போனது பக்கத்து மேஜை. அங்கே இருந்த மூத்தவர் வாடிக்கையாளரிடம் போனில் பேசுவதைக் காதில் வாங்கித்தான் நான் தொழிலையே கற்றேன். எதற்கு உடனே சரி என்பார், எதற்கு "பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்று இழுப்பார் என்பதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் சொல்லித் தரவில்லை. எனக்கு அப்புறம் சேர்ந்த பையனுக்கு அது கிடைக்கவே இல்லை. மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் உடனே சரி சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

சீனாவின் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை ஒன்பது மாதம், வாரத்துக்கு நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். அவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எங்கள் முதலாளியும் இதைத்தான் காட்டினார். அந்த ஆய்விலேயே இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. அதே அளவு நன்றாக வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. முடிவில் வீடா, ஆபீஸா என்று திரும்பக் கேட்டபோது பாதிக்கு மேல் ஆட்கள் இடம் மாறிக்கொண்டார்கள். அதை நான் எடுத்துச் சொன்னேன். இப்போது வாரம் ஒரு நாள் அந்தச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்காருகிறோம். நாற்காலி போதாது, இரண்டு பேர் கார்ட்டன் மேல்.

*

அக்கா சொல்வது சரி. நானும் மெஷின் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

வங்கி ஓடிபி வரும் எண் எங்கள் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்த ஒரு பழைய பட்டன் போனில் இருந்தது. யாருக்கும் அது ஒரு சாமானாகவே தோன்றவில்லை. இடம் மாற்றும்போது போட்ட சாமான் பட்டியலில் ஸ்டேப்ளர்கூட இருந்தது, அந்த போன் இல்லை. சம்பளம் போடும் நாள் அன்று, எல்லோரும் அவரவர் வீட்டில். முதலாளி பணப் பரிமாற்றத்தை அழுத்திவிட்டு குரூப்பில் கேட்கிறார், "ஓடிபி யாருக்கு வந்தது?" எட்டுப் பேரும் அவரவர் போனைப் பார்த்தோம்.

கடைசியில் அது, விற்கக் கொடுத்த மேஜையின் டிராயரிலேயே போய்விட்டது என்று தெரிந்தது. மேஜையை வாங்கியவருக்குப் போன் செய்தோம். நல்ல மனுஷன், தேடி எடுத்தார். ஆனால் சார்ஜ் இல்லை. அந்தக் காலத்து ஒல்லி பின் சார்ஜர், அவரிடமும் இல்லை. சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டார். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் நிறுவனத்தின் ஓடிபியை "நாலு... ஏழு... அப்புறம் ரெண்டு சைபர்" என்று ஸ்பீக்கரில் வாசிக்க, முதலாளி அழுத்த, நேரம் கடந்துவிட்டது என்று வந்தது. மறுபடி கேட்டோம்.

"இன்னொன்னு வந்திருக்கு சார், வாசிக்கட்டுமா?" என்றார். இரண்டாவதில் சம்பளம் வந்துவிட்டது. சிம் இப்போது முதலாளியின் போனில். அவர் தூங்கினால் எங்கள் ஆபீசே தூங்குகிறது, அதற்கு வழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.