முதலில் நானும் பிள்ளைகளும் மட்டும் ஊருக்குப் போவதா, எல்லோரும் சேர்ந்தே போவதா?

பாபநாசம் மருமகள் எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது ஷார்ஜா, ரோலா பக்கம். வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை, ஒரே கம்பெனியில் 13 வருடம். அல் இத்திஹாத் ரோட்டில் தினமும் போய் வருவதிலேயே பாதி உயிர் போய்விடுகிறது அவருக்கு. வரும் மார்ச்சில் பெண் எட்டாவது முடிக்கிறாள், பையன் மூன்றாவது. இரண்டு பேரும் சி.பி.எஸ்.இ. மாமனார் போன வருடம் தவறிவிட்டார். மாமியார் தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். ராத்திரி துணைக்குப் பின் தெருவில் இருந்து ஒரு அம்மா வந்து படுத்துக்கொள்கிறார்.

ஊரோடு போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. அதில் சண்டை இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை. அவர் சொல்வது இது: “நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏப்ரலில் பள்ளியில் சேர்த்துவிடு. நான் ஃபிளாட்டைக் காலி பண்ணிவிட்டு பெட் ஸ்பேஸுக்குப் போய்க்கொள்கிறேன். வாடகை மிச்சம், ஸ்கூல் ஃபீஸ் மிச்சம். ஒரே வருடம். கிராஜுட்டியும் கொஞ்சம் ஏறும், வந்துவிடுகிறேன்.” கணக்கில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

எங்கள் மாடியிலேயே ஓர் அறையில் இப்படி ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் தினமும் ராத்திரி லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்வார். கைப்பிடிக் கம்பியில் போனைச் சாய்த்து வைத்து, போட்டிம் ஆப்பில் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அறையில் மற்றவர்கள் தூங்குவார்களே. நான் குப்பை கொட்டப் போகும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். அவரும் ஒரு வருடம் என்றுதான் குடும்பத்தை அனுப்பினாராம்.

இன்னொன்று, நான் தனியாகப் போனால் மாமியார், பள்ளி, வீட்டு ரிப்பேர், பேங்க் எல்லாம் என் தலையில். இங்கே வீட்டில் டியூஷன் எடுத்து நாலு காசு பார்க்கிறேன், அதுவும் போய்விடும்.

பெண்ணுக்கு இரண்டாம் மொழி இந்தி. அரபி அழகாக எழுதுவாள். தமிழ் பேசுவாள், ஒரு வரி எழுத வராது. ஒன்பதாவதில் சேர்த்தால் என்ன ஆகும்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கில் போட்ட டெபாசிட்டை என்ன செய்ய வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். “எல்லாம் நல்லபடியா நடக்கும்” மட்டும் வேண்டாம், அதை அம்மா தினமும் சொல்கிறார்.

புதுக்கோட்டை அக்கா:

தங்கச்சி, என் வீட்டுக்காரரும் ஒரு வருடம் என்றார். அப்போது பையன் யு.கே.ஜி. இப்போது ப்ளஸ் டூ. அவர் இன்னும் தோஹாவில்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகவே வந்தது. முதலில் வீட்டு லோன். அது முடிகிற நேரம் நாத்தனார் கல்யாணம். அப்புறம் கம்பெனியில் ஓர் இன்க்ரிமென்ட், அதை விட்டுவிட்டு எப்படி வருவது? இப்போது “இந்த வயதில் ஊரில் எவன் வேலை கொடுப்பான்” என்பதில் வந்து நிற்கிறது.

பணக் கஷ்டம் இல்லை, அதை மறைக்க மாட்டேன். வீடு கட்டினோம், பையனை நல்ல பள்ளியில் போட்டோம். ஆனால் அவர் கட்டிய வீட்டில் மோட்டார் சுவிட்ச் எது என்று லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் கேட்பார். பையன் கிரிக்கெட்டுக்குப் போக வேண்டுமானால் ஹாலில் அப்பா உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டி அடுப்படிக்கு வந்து “போகட்டுமா?” என்று என்னைக் கேட்பான். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே “அப்பாவைக் கேளு” என்பேன். “அவங்களுக்கு எந்த கிரவுண்டுன்னே தெரியாதும்மா” என்பான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அவர் விசா எப்போது முடிகிறது? புதுப்பித்தால் மறுபடி இரண்டு வருடம். அந்தக் கையெழுத்து விழுவதற்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசிவிடு. விழுந்தபிறகு பேசினால் நீதான் குடும்பத்தைக் கெடுக்கிறவள் மாதிரி ஆகிவிடும்.

அபுதாபி ரிட்டன்:

அக்கா சொல்வது உண்மை. ஆனால் எல்லோர் வீட்டிலும் அப்படி ஆகாது. நானும் வீட்டில் உள்ளவர்களை முதலில் திருச்சிக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். ஒரே வித்தியாசம், அவர்கள் ஃபிளைட் ஏறும்போதே கம்பெனியில் என் ராஜினாமாப் பேச்சு முடிந்திருந்தது. காரை விற்க, பேங்க் லோன் முடிக்க, கிரெடிட் கார்டு குளோஸ் பண்ணி ‘பாக்கி இல்லை’ என்று லெட்டர் வாங்க ஓர் ஆள் அங்கே வேண்டும். குடும்பத்தையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் நரகம். அதற்கு மூன்று நான்கு மாதம் போதும், ஒரு வருடம் எதற்கு?

கிராஜுட்டி ஏறும் என்கிறாரே, எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். அமீரகச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். 13 வருடத்துக்கு 105 + 240 = 345 நாள். இன்னும் ஒரு வருடம் இருந்தால் கூடுவது ஒரு மாத பேசிக், மொத்தச் சம்பளம்கூட இல்லை. பெட் ஸ்பேஸில் படுக்க அது ஒரு காரணமா?

விசா விஷயம். உங்கள் மூன்று பேருக்கும் ஸ்பான்சர் அவர் என்றால், உங்களுடையதை ரத்து செய்தபிறகுதான் அவருடையதை ரத்து செய்ய முடியும். ரத்து செய்யாமலே வந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தானாகப் போய்விடும். “பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்” என்று யாராவது தைரியம் சொன்னால் அந்த ஆறு மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாலிசி எடுத்த நாளில் இருந்து 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காலம் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே ஓடட்டும். சுகர், பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

வரி பற்றி மட்டும். “அக்டோபருக்கு அப்புறம் வா, அப்போதுதான் அந்த வருடம் என்.ஆர்.ஐ.” என்று அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். இத்தனை வருடம் வெளியே இருந்தவர் திரும்பியதும் வரிக் கணக்கில் நேராக முழு ரெசிடென்ட், அதாவது உள்நாட்டில் இருப்பவர், ஆகிவிடுவதில்லை. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் என்.ஆர்.ஐ.யாக இருந்தால் ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ என்ற நடு நிலை கிடைக்கும். ஏப்ரலிலேயே வந்தாலும் அவருக்கு முதல் இரண்டு நிதியாண்டுக்கு அது உண்டு. அந்தக் காலத்தில் துபாய் கணக்கில் கிடைக்கும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. கடைசிச் சம்பளம், கிராஜுட்டி இரண்டையும் அங்கேயே கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகு ஊருக்கு அனுப்புவது நல்லது.

என்.ஆர்.இ. கணக்கை, திரும்பி வந்ததும் பேங்கில் சொல்லி ரெசிடென்ட் கணக்காக மாற்ற வேண்டும். நிரந்தரமாக வந்த நாளில் இருந்து அந்த டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு. மாற்றாமல் வைத்துக்கொண்டு வட்டிக்கு வரி கிடையாது என்று சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வழி வேண்டாம். வெளிநாட்டுக் கரன்சியிலேயே போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் இருந்தால் முதிர்வு வரை அப்படியே விடலாம்.

நகைக்கும் ஒரு வரி. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வரும் பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் நகை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். முன்பு இங்கிருந்து போட்டுக்கொண்டு போன நகைக்கு ரசீது இருந்தால் கையோடு வையுங்கள்.

தஞ்சாவூர் டீச்சர்:

எட்டாவது முடித்து வருவது நல்ல நேரம். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்த படிப்பு. அங்கே ஒன்பதாவது படித்துவிட்டு இங்கே நேராகப் பத்தாவதில் நுழைவது பெரும் பாடு. உங்கள் வீட்டுக்காரர் ஒரு வருடம் கழித்து எல்லோரும் போகலாம் என்றிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

தமிழைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் மாநிலப் பாடத்திட்டத்தோடு நிற்கவில்லை, பிறகு சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் வகுப்பு வகுப்பாகக் கொண்டுவரப்பட்டது. ஒன்பதில் எந்த மொழி எடுக்கிறாளோ அதுதான் பத்தாவது போர்டிலும். சேர்ப்பதற்கு முன்னால் இந்தியைத் தொடர விடுவீர்களா, தமிழ் எந்த அளவுக்கு என்று பள்ளியில் நேரில் கேளுங்கள். ஃபீஸ் கட்டியபின் கேட்டால் பதில் மாறும். மாநிலப் பாடத்திட்டம் என்றால் தமிழ் கட்டாயப் பாடம்.

என்னிடம் மஸ்கட்டில் இருந்து ஒரு பையன் வந்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் மடமடவென்று எழுதிக்கொள்வான். அதைப் பார்த்துத் தமிழில் எழுதச் சொன்னால் ‘ன’வா ‘ண’வா என்று பேனாவைக் கடிப்பான். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு தினத்தந்தித் தலைப்புகளை வாசிக்க வைத்தேன். விபத்து, கொலை, கிரிக்கெட் என்று ஆசையாகப் படித்தான். எழுத்துக் கூட்டுவது அதில் வந்தது. இலக்கணம் அப்புறம் பார்த்துக்கொண்டோம். இன்னும் மாதங்கள் இருக்கின்றன, உங்கள் பெண்ணுக்கு இப்போதே தொடங்குங்கள். டி.சி.யில் அங்கேயே கல்வித் துறை முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

பாபநாசம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டவில்லை, போனை டேபிளில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் 345 நாள் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுக்கொண்டிருக்கிறார். விசா ஆகஸ்டில் முடிகிறதாம். புதுப்பிக்கப்போவதில்லை என்று ஹெச்.ஆருக்கு ஏப்ரலிலேயே மெயில் போடுகிறேன், நீங்கள் அதே மாதம் கிளம்புங்கள் என்கிறார். நான் மெயிலை டிராஃப்டாகவாவது இப்போதே எழுதி வையுங்கள் என்றேன். சிரித்தார். இன்னும் எழுதவில்லை.

அடுத்த தலைவலி: பாபநாசத்தில் மாமியாரோடே இருந்துகொண்டு பெண்ணைத் தஞ்சாவூருக்கு ரயிலில் அனுப்புவதா, தஞ்சாவூரில் வாடகைக்குப் பார்த்து மாமியாரைக் கூட்டி வருவதா?

தஞ்சாவூர் டீச்சர்:

மாமியார் அந்த வீட்டை விட்டு வருவாரா, முதலில் அவரைக் கேளுங்கள். வருவார் என்றால் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் பாருங்கள், பள்ளியும் ஆஸ்பத்திரியும் கிட்டே. வரமாட்டார் என்றால் பள்ளி வேன் பாபநாசம் வரை வருகிறதா என்று விசாரித்துவிட்டு மற்றதைப் பேசலாம். ஒன்பதாவதுப் பிள்ளைக்கு ரயிலை நம்பாதீர்கள், கிராசிங்கில் போட்டுவிட்டால் முதல் பீரியட் போய்விடும்.