விழிக்கும் முன்பே ஓடும் பாட்டு

காலையில் எனக்குக் கண் திறக்கும்போதே தலைக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நேற்று வந்த பாட்டு இன்று வராது, இன்று வந்தது நாளைக்கு வராது. பத்து வருடமாகக் காதிலேயே விழாத பாட்டாக இருக்கும். முந்தின நாள் யாருடைய செல்பேசியிலோ அரை நிமிடம் ஒலித்த பாட்டாகவும் இருக்கும். எல்லோரும் இப்படித்தான் எழுந்திருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் என் தங்கையிடம், "இன்னைக்கு உனக்கு என்ன பாட்டு வந்துச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. அவளுக்குப் பகலில்தான் பாட்டு ஒட்டிக்கொள்ளுமாம், எழுந்திருக்கும்போது தலைக்குள் ஒன்றும் இருக்காதாம்.

அன்றிலிருந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தலையணைக்குப் பக்கத்திலேயே நோட்டும் பென்சிலும் இருக்கும். விளக்குப் போடமாட்டேன். எழுந்து யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால் போதும், பாட்டு கலைந்துவிடும். இருட்டில் எழுதுவதால் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கும். நான்கு மாதத்தில் 112 நாள் எழுதியிருக்கிறேன். திரும்ப வந்த பாட்டுகள் ஏழே ஏழுதான்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, பாட்டு எனக்குப் பல்லவியிலிருந்து வருவதே அபூர்வம் என்பது. இரண்டாவது சரணத்தின் நடுவில் வரும், அல்லது இரண்டு சரணத்துக்கும் இடையில் உள்ள வயலின் துண்டு மட்டும் வரும். இடையிசை மட்டும் வரும் நாள்தான் கஷ்டம். வார்த்தை இல்லாததால் தேட வழியில்லை. என்ன பாட்டு, என்ன பாட்டு என்று மதியம்வரை மனசு அரித்துக்கொண்டே இருக்கும். பாத்திரம் கழுவும்போதோ படி ஏறும்போதோ சட்டென்று அடுத்த வரி வாயில் வந்துவிடும். அந்த நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், பாட்டு எங்கிருந்து வந்தது என்று முந்தின நாளைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் காரணம் கிடைத்துவிட்டது. பெரும்பாலும் ஒரு சொல்தான். சாயங்காலம் ஒரு தோழி, "ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றாள். மறுநாள் காலையில் சாரல் என்ற சொல் வரும் பாட்டு. அவள் அதைச் சொன்னபோது பாட்டு நினைப்பே எனக்கு இல்லை. இன்னொரு நாள் சொல்கூட இல்லை, துணி துவைக்கும் இயந்திரம் கடைசியில் சுற்றும் வேகத்தில் இருந்த தாளம். எழுந்தவுடன் அதே தாளத்தில் ஒரு வேகமான பாட்டு.

இசை உளவியலில் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாம் அழைக்காமலே வந்து மனதில் சுற்றும் பாட்டுக்கு ஜெர்மன் மொழியில் காதுப்புழு என்றே பெயர் இருக்கிறது. சமீபத்தில் கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது, ஒரு சொல்லோ இடமோ நினைவூட்டியது, மனநிலை, கவனம் எதிலும் நிற்காமல் அலையும் நேரம் என்று தூண்டும் காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். தூக்கத்திலிருந்து மேலே வரும் அந்தச் சில நிமிடங்களைப்போலக் கவனம் எதிலும் நிற்காத நேரம் வேறு எது?

என் வழக்கத்தையே மாற்ற வைத்தது ஒரே ஒரு ஆய்வு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 2021இல் வெளியிட்டது. படுக்கப்போகும் முன் சிலருக்குப் பிரபலமான பாட்டுகளை வார்த்தையோடும், சிலருக்கு அதே பாட்டுகளை வெறும் வாத்திய இசையாகவும் கேட்கக் கொடுத்தார்கள். வாத்திய இசை கேட்டவர்களுக்குத்தான் காதுப்புழு அதிகம் வந்தது. தூக்கமும் கெட்டது. வார்த்தை இல்லாத இசைதான் தூக்கத்துக்கு நல்லது என்று நம்பி, தெரிந்த பாட்டுகளின் புல்லாங்குழல் வடிவத்தைத் தினமும் போட்டுக்கொண்டு படுத்தவள் நான். குழலில் மெட்டு மட்டும் வரும்போது, விட்டுப்போன வார்த்தையை மனசு தானே போட்டு நிரப்புகிறது என்று நினைக்கிறேன். அந்த வேலை ராத்திரியிலும் நிற்பதில்லை போலிருக்கிறது. குழலை நிறுத்திய பிறகும் காலைப் பாட்டு நிற்கவில்லை. ஆனால் நடு இரவில் விழிப்புத் தட்டும்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது. எனக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. ஒரு பாட்டின் நடுவில் நாடா சுருங்கிப்போய், சரணத்தில் இரண்டு வரி கேட்காது. ஒரு சின்ன 'ஸ்ஸ்க்' சத்தம், உடனே மூன்றாவது வரி. அந்தக் கேசட் எப்போதோ போய்விட்டது. பாட்டை முழுசாக எத்தனையோ முறை கேட்டாயிற்று. ஆனால் காலையில் தலைக்குள் வரும்போது இன்றும் அந்த இரண்டு வரி இல்லாமல், அந்த 'ஸ்ஸ்க்' சத்தத்தோடுதான் வருகிறது. முழுப் பாட்டைக் கேட்டால் அந்த இரண்டு வரியும் யாரோ புதிதாகச் சேர்த்ததுபோல் இருக்கிறது.

உங்களுக்கு எப்படி வருகிறது? சொல்லுங்கள்.

*

கேசட் விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் காலையில் தினம் ஒரு பாட்டுதான். நான் பாட்டுக் கற்றுக்கொள்பவன், அதனால் கவனித்தது சுருதியை.

கண் திறந்ததும் தலைக்குள் ஓடுவதை அப்படியே செல்பேசியில் பாடிப் பதிவு செய்வேன். தொண்டை கரகரவென்று இருக்கும், பரவாயில்லை. பிறகு மூலப் பதிவைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பாதி நாளுக்கு மேல் சுருதி அப்படியே பொருந்துகிறது. இத்தனைக்கும் எனக்கு, ஒரு சுரத்தைக் கேட்டவுடன் இன்னது என்று சொல்லும் திறமை கிடையாது. வகுப்பில் தம்புராவுக்குச் சேர்ந்து பாடவே திணறுகிறவன். விழித்திருக்கும்போது முடியாதது அரைத்தூக்கத்தில் எப்படி முடிகிறது என்று ரொம்ப யோசித்திருக்கிறேன்.

2024இல் சான்டா க்ரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட இதையே செய்து பார்த்திருக்கிறார்கள். தலைக்குள் பாட்டு ஓடும்போது அதைப் பாடிப் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவுகளில் 44.7 சதவீதம் மூலப் பாட்டின் சுருதியிலேயே இருந்தன. 68.9 சதவீதம் ஒரு அரைச் சுரத்துக்குள் இருந்தன. பாடியவர்கள் யாரும் பெரிய பாடகர்கள் இல்லை. வேகத்தையும் இதுபோலவே வேறு ஆய்வில் அளந்திருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் மூலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆக, நம் தலைக்குள் இருப்பது கேட்ட பதிவின் அச்சு. உங்கள் கேசட்டின் 'ஸ்ஸ்க்' சத்தமும் அந்த அச்சில் சேர்ந்துதானே இருக்கும்!

வருடத்தில் நாலைந்து நாள் யாருடைய பாட்டும் இல்லாத மெட்டு வரும். கனவிலேயே கேட்டுக்கொண்டு எழுந்திருப்பேன். இத்தாலியில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இசைக் கலைஞர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இசைக் கனவு வருகிறது என்றும், அவர்கள் நினைவுகூர்ந்த இசையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது எங்கும் கேட்காத இசை என்றும் கண்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 1965இல் வெளிவந்த 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டோடு ஒரு காலையில் எழுந்தார். எங்கோ கேட்டதைத்தான் திருப்பிப் பாடுகிறோமோ என்ற பயத்தில், இது உங்களுக்குத் தெரிந்த பாட்டா என்று பல நாள் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என் நாலைந்து மெட்டையும் குருவிடம் பாடிக் காட்டிவிட்டுத்தான் என்னுடையது என்று எழுதி வைக்கிறேன்.

*

உங்கள் இருவருக்கும் இது சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. தினம் ஒரு பாட்டு வந்தால் வரவேற்பேன். எனக்குப் பரீட்சை நேரத்தில் ஒரே விளம்பரப் பாட்டு பதினொரு நாள் காலையில் வந்தது. நான்கே வரி. எழுந்ததும் ஆரம்பித்தால் புத்தகத்தைத் திறக்கும்வரை ஓடும், படிக்கும் வரிகளுக்கு அடியிலும் ஓடும். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதிகமாயிற்று.

இரண்டு விஷயம் கை கொடுத்தது. ஒன்று, தள்ளாமல் அந்த விளம்பரத்தையே தேடிப் போட்டுக் கடைசிவரை கேட்டது. முடியாமல் நிற்கும் வேலைதான் மனதைப் பிடித்து இழுக்கும் என்பார்கள், பாட்டுக்கும் அது பொருந்துகிறது. இன்னொன்று சூயிங்கம். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தார் 2015இல் சோதித்துப் பார்த்தது. மனதுக்குள் பாடும்போதும் நாக்கையும் தாடையையும் அசைக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதாம். அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் உள்ளே பாட்டு மங்குகிறது. எனக்கு முழுசாக நிற்கவில்லை. ஆனால் படிக்க முடிந்தது.

*

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிய பிறகு காலையில் பாட்டுக் கேட்க ஆரம்பித்தது. நீங்கள் சொல்வதுபோல்தான் இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டோம். ஆனால் அவர், "இந்நேரத்துக்கு யாரு ரேடியோ போட்டது? கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா" என்பார். பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். ஜன்னலைச் சாத்துவார், திரும்பவும் திறப்பார். மூளை கலங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், பாட்டு தொடர்ந்து கேட்டும் ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

தலைக்குள் ஓடும் பாட்டு தலைக்குள்தான் ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். அவருக்கு அது வெளியிலிருந்து காதில் விழுந்தது. இரண்டும் வேறு. காது மருத்துவரிடம் போனதும் முதலில் கேட்கும் திறனைத்தான் சோதித்தார். ரொம்பக் குறைந்திருந்தது. வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்துபோகும்போது மூளை தானாகவே இசையை உண்டாக்கிக்கொள்வது உண்டு, அதனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெரியம்மா அங்கேயே அழுதுவிட்டார். காதுக் கருவி மாட்டிய பிறகு பாட்டு நன்றாகக் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கருவி எல்லோருக்கும் இந்த அளவுக்கு உதவும் என்று சொல்ல முடியாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் பெரியவர்கள் யாராவது ரேடியோ கேட்கிறது என்று சொன்னால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். காதைச் சோதிக்க அழைத்துப் போங்கள்.

*

முதலில் எழுதியது நான்தான். பெரியம்மா விஷயத்தைப் படித்துவிட்டு என் அம்மாவுக்குப் போன் செய்து, ரேடியோ, பாட்டு ஏதாவது கேட்கிறதா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை என்றார். எழுதியதற்கு ரொம்ப நன்றி.

பரீட்சை எழுதியவருக்கு: எனக்கும் ஒரு பாட்டு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பயமாகத்தான் இருக்கும். அடுத்த முறை வந்தால் முழுசாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

சுருதி பார்ப்பவர் சொன்னதை ஒரு வாரமாகச் செய்கிறேன். நோட்டுக்குப் பதில் செல்பேசி. முதல் நான்கு நாள் எழுந்து தேடி எடுப்பதற்குள் பாட்டு போய்விட்டது. அப்புறம் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டே படுத்தேன். இன்று காலையில் வந்தது அந்தக் கேசட் பாட்டு. கண்ணைத் திறக்காமலே பாடினேன். மூலத்தோடு ஒப்பிட்டால் சுருதி அரைச் சுரம் கீழே இருக்கிறது. அந்தப் பழைய டேப் ரெக்கார்டர் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு வரி வரும் இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூச்சுக்கூட எடுக்காமல் என் குரல் நேராக மூன்றாவது வரிக்குத் தாவியிருக்கிறது.