கணித ஸ்கில்லுக்கு டிஎல் பெனால்டி: உங்கள் மேஜையில் என்ன நடந்தது?

மூன்று_பகடை:
கர்ப்ஸ் (GURPS) நான்காம் பதிப்பு, மேஜையில் கேரக்டர்களாக ஆடும் விளையாட்டு. டிஎல் என்றால் தொழில்நுட்ப நிலை: 8 நம் காலம், 3 இடைக்காலம். டிஎல் 8 கணிதப் பேராசிரியர், காலம் தாண்டி டிஎல் 3 முற்றுகையில் மாட்டிக்கொண்ட கேரக்டர். கணிதம் (பயன்பாட்டு) 16. கவண்பொறி 180 அடியில் கல்லைப் போடுகிறது, மதில் இருப்பதோ 240 அடியில். ஐந்து டிஎல் கீழே என்பதால் மைனஸ் 9. மிச்சம் 7, மூன்று பகடையின் கூட்டுத்தொகை அதைத் தாண்டக் கூடாது.

பிளேயர் தாளில் போட்டுக் காட்டியது சரியான கணக்கு. எதிர்ப்பாரம் (கவண் கையை இழுத்து இறக்கும் எடை) அதேதான், கோணம் அதேதான் என்றால் தூரம் ஏறக்குறைய எதிர்ப்பாரத்தைக் கல்லின் எடையால் வகுத்த விகிதத்தில் போகும். 180-ஐ 240 ஆக்க, கல்லின் எடையை முக்கால் பங்காகக் குறைத்தால் போதும். எல்லோரும் தலையாட்டினார்கள். டைஸில் 12. "உன் கணக்கு தப்பு" என்றார் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). தாளில் விடை சரியாக இருக்கிறது, எதிரே டைஸ் 12 காட்டுகிறது! 3-ஐ 4-ஆல் வகுக்கத் தெரிய அந்தப் பேராசிரியருக்கு 16 சதவீத வாய்ப்புதான் என்று விதி சொல்கிறதா?

மடக்கை_அட்டவணை:
விதி வீணாக வைத்ததல்ல. இதையும் பாருங்கள். கப்பல் ஆட்டம், டிஎல் 4-இன் தொடக்கம். டிஎல் 8 பொறியாளர் கேரக்டர் "கோள முக்கோணவியல் தெரியும், நிலையைக் கணக்கிடுகிறேன்" என்று அறிவித்தார். ஜிஎம் ஒரே கேள்விதான் கேட்டார்: "37 டிகிரி 20 நிமிடத்துக்கு சைன் எவ்வளவு?" மேஜையே அமைதியாகிவிட்டது. கால்குலேட்டர் இல்லை, பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கை அட்டவணையும் இல்லை. நேப்பியர் 1614-இல்தான் மடக்கையை வெளியிட்டார். பிரிக்ஸ் 1624-இல் 30,000 எண்களுக்கு 14 தசம இடம் வரை அச்சிட்டார். அதற்கு 10-இன் வர்க்கமூலத்தைத் திரும்பத் திரும்ப 54 முறை எடுக்க வேண்டியிருந்தது. கருத்து தெரியும் என்பதற்காக அந்த உழைப்பு தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடாது. பெனால்டி அதற்குத்தான்.

கீறல்_பலகை:
மடக்கை அண்ணா, அந்தக் கப்பலில் நடந்தது கருவிப் பற்றாக்குறை. அறிவுப் பற்றாக்குறை இல்லை. டிஎல் அட்டவணை நீங்கள் கையாளும் கருவி, முறைகளின் டிஎல்லைப் பார்த்துப் போட வேண்டியது. சைன் அட்டவணை டிஎல் 2-இலேயே இருக்கிறது. ஆரியபடர் 499-இல் 225 நிமிடத்துக்கு ஒன்றாக 24 மதிப்புகள் கொடுத்துவிட்டார், ஆரம் 3438. 30 டிகிரிக்கு 1719, சரியாகப் பாதி. அந்த அட்டவணை வைத்திருக்கும் உள்ளூர்க் கணக்கரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் உங்கள் பொறியாளருக்கு இடைமதிப்பு எடுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. பல எழுத்து வரிசைகளை மாற்றி மாற்றிப் போடும் மறையெழுத்துக் கடிதம். டிஎல் 8 கேரக்டர் காஸிஸ்கி முறையில் இறங்கினார் (1863-இல் வெளியானது, பேனாவும் தாளும் போதும்). மூன்றெழுத்துத் துணுக்குகள் திரும்ப வரும் இடைவெளிகள் 18, 24, 30. பொதுக் காரணி 6, ஆகவே சாவி ஆறெழுத்து. ரோல் அபாரமாக விழுந்தது, ஜிஎம் முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டிவிட்டார். கடிதமோ மொத்தம் 40 எழுத்து! ஆறு வரிசையாகப் பிரித்தால் ஒன்றில் ஆறோ ஏழோ எழுத்துதான் தேறும். அதில் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணிப் பயனில்லை. 240 எழுத்து இருந்தால் வரிசைக்கு 40 கிடைக்கும், அங்கே முயற்சிக்கலாம். டைஸ் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் தரவு போதாதென்றால் போதாதுதான்.

கணக்கர்:
மூன்று_பகடைக்கு: அந்த மேஜையில் "கணக்கு தப்பு" என்று சொல்லியிருக்கக் கூடாது. விடையைத் தாளிலேயே காட்டியாகிவிட்டது, அது நிற்கும். தவறக்கூடியது உள்ளே போட்ட எண்கள். கல்லை யார் எடை போட்டது, கவண் கயிறு எப்போது கழன்றது, அடி என்றால் யாருடைய அடி. 12 விழுந்தால் கல் 15 அடி குறைவாக விழுகிறது, அடுத்த எறிதலுக்குத் திருத்திக்கொள்கிறார்கள். ஆட்டமும் நகரும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இந்த இழுபறிக்கு வழி இருப்பதால் எழுதுகிறேன். பெனால்டியை மூன்றாகப் பிரியுங்கள். தூய கணிதத்துக்குக் கீழ்நோக்கிப் பெனால்டியே வேண்டாம், நிரூபித்த தேற்றம் காலாவதி ஆகாது. குறியீடும் அளவு முறையும் புதிது என்றால் பழக்கமின்மைக்கான மைனஸ் 2, எட்டு மணி நேரம் பழகியதும் அது நீங்கும். கருவிக்குத் தனிக் கணக்கு: ஒன்றுமே இல்லையென்றால் மைனஸ் 10, ஒப்பேற்றியதென்றால் மைனஸ் 5, அட்டவணையோ மணிச்சட்டமோ ஒழுங்காகக் கிடைத்தால் பூஜ்யம். பேராசிரியருக்கு 16-இலிருந்து முதலில் குறைவது இரண்டுதான், விகிதக் கணக்குக்கு அட்டவணை தேவையே இல்லை. கப்பல் பொறியாளருக்கு முழு அடியும் விழும். இரண்டு பேர் சொன்னதும் இதில் அடங்கிவிடும்.

உள்ளூர்க் கணக்கர் உதவினால் அவருக்குத் தனி ரோல் போடுங்கள். வென்றால் முக்கிய ரோலுக்குக் கூடுதல் 1, தோற்றால் மைனஸ் 1.

கருவியைக் கேரக்டரே செய்யட்டும், ரொம்பச் சுவையான பகுதி அது. மடக்கை வேண்டாம், வர்க்க அட்டவணை போதும். 1-உடன் 3, 5, 7 என்று ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்கங்கள் வரிசையாக வரும். கூட்டத் தெரிந்த எழுத்தர்கள் சிலரை உட்கார வைத்தாலே 2000 வரை போகலாம். பிறகு எந்தப் பெருக்கலும் கூட்டல் கழித்தல்தான். 47-ஐ 33-ஆல் பெருக்க: கூட்டினால் 80, கழித்தால் 14. அட்டவணையில் 6400, 196. வித்தியாசம் 6204, அதில் கால் பங்கு 1551. இருவரைத் தனித்தனியாக எழுத வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒருவர் நடுவில் தவறினால் அதற்குப் பிந்தைய எல்லா வரியும் கெடும், எழுத்தரின் ரோல் தோற்றால் ஜிஎம் கையாள வேண்டியது அதைத்தான்.

கனமும்_பொருளும்:
எல்லோரும் கீழ்நோக்கியே பேசுகிறீர்கள். மேல்நோக்கிப் போனால் நான்கு டிஎல்லோ அதற்கு மேலோ முடியவே முடியாது என்கிறது விதி. டிஎல் 4 கணித வல்லுநர் கேரக்டர், டிஎல் 8 கரும்பலகையில் x³ + 6x = 20. ஜிஎம் ரோலே தரவில்லை. கார்டானோ 1545-இல் தீர்த்துக் காட்டிய சமன்பாடே அதுதான்! அவர் எழுதியது "கனமும் ஆறு பொருள்களும் 20-க்குச் சமம்" என்ற மாதிரி வாக்கியமாக (பொருள் என்றால் நம் x, கனம் என்றால் x³). சமக்குறி 1557-இல்தான் அச்சில் வந்தது. யாராவது பலகையை வாய்விட்டு வாசித்துக் காட்டியிருந்தால் போதும், விடை 2 என்று அந்தக் கேரக்டர் உடனே சொல்லியிருப்பார்.

மடக்கை_அட்டவணை:
அதை ஏற்கிறேன், ஆனால் வடிவியல், சமன்பாடு வரை மட்டும். அதே பலகையில் நுண்கணிதம் இருந்தால் வாசித்துக் காட்டியும் பயனில்லை, லைப்னிட்ஸ் வெளியிட்டது 1684-இல். அங்கே ரோல் வேண்டாம். ஆசிரியரும் மாதக்கணக்கில் பயிற்சியும் வேண்டும், பாயின்ட் செலவழித்து டிஎல்லை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும்.