பையனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கப் போகிறேன்; வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில். பையனுக்கு 14 வயது, மகரக்கட்டு உடைந்துவிட்டது. போன வாரம், "தூக்கத்துல துணி நனைஞ்சா நோயாம்மா?" என்று கேட்டான். நான் அடுப்பைப் பார்த்தபடி, "அப்பா வரட்டும்" என்றேன். அவரோ, "தானா தெரிஞ்சுக்குவான்" என்கிறார். தானாக என்றால் போனில்தானே?

அது நோயில்லை, வயசுக்கு இயல்பு என்று எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. நான் வயதுக்கு வந்தபோது என் அம்மாவும் தனியாக உட்கார வைத்ததோடு சரி, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் வந்த வளரிளம் பருவ நலத் திட்டத்தில் அரசு மருத்துவமனை ஆலோசனையும் சேர்த்தி. குன்னூரிலோ ஊட்டியிலோ யாராவது பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? ஆண் ஆலோசகர் இருக்கிறாரா? அப்புறம், பையனிடம் பேசிய அம்மாக்கள் முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.