நன்கொடையாளர் பட்டியலில் ஒரே பழனிசாமி நாலு பேராக இருக்கிறார், எப்படிச் சரிசெய்வது?

தறிச்சத்தம் (கேள்வி)

வணக்கமுங்க. திருப்பூர் பக்கம் ஒரு சின்னக் கல்வி அறக்கட்டளையில் வேலை செய்கிறேன். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம், பிளஸ் டூ முடித்த சிலருக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறோம். நன்கொடை வரவு, ரசீது, நன்றிக் கடிதம், மே மாதம் வருமான வரிக்குக் கொடுக்கும் பட்டியல் எல்லாம் நான் ஒருத்திதான்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது மூன்று எக்செல் ஃபைல், இரண்டு ரசீது புத்தகம், அப்புறம் ஆபீஸ் போன் நிறைய ஜிபே ஸ்கிரீன்ஷாட். எல்லாம் சேர்த்தால் 1,900 பதிவு வருகிறது, ஆனால் ஆள் அத்தனை பேர் கிடையாது. கே. பழனிசாமி ஒரு ஃபைலில், பழனிச்சாமி கே. இன்னொன்றில், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறி மூன்றாவதில், பான் கார்டில் அப்பா பேரையும் சேர்த்து நீளமாக. இது ஒரே ஆளா, நாலு ஆளா என்று எனக்கே தெரியவில்லை.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், இறந்துபோன மகள் நினைவாக வருஷம் ஒரு பெண்பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவர். அவருடைய 10பிஇ சான்றிதழ் (வரிச்சலுகைக்காக நன்கொடையாளருக்கு நாங்கள் கொடுப்பது) அதே பேருள்ள வேறொருவர் பான் எண்ணில் போய்விட்டது. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "ரசீது கெடக்குது அம்மிணி, என்ற புள்ள பேரையாச்சும் சரியா எழுதியிருக்கறீங்களா?" என்றார். எடுத்துப் பார்த்தால் அதுவும் தப்பு. யாரோ பெயர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் இருந்த குறிப்பு நகரவே இல்லை. அந்தப் பிள்ளை பேர் வேறு யாருக்கோ நேராக நிற்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிரஸ்டிகள் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறார்கள். முதலில் சாஃப்ட்வேரா, சுத்தம் பண்ணுவதா?

பெருந்துறைக் கணக்கு

முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் மே மாதம் கொடுக்கும் அந்த நன்கொடைப் பட்டியலை, அதாவது 10பிடி படிவத்தை, திருத்தித் தாக்கல் பண்ண வழி இருக்கிறது, பண்ணினால் சரியான ஆளுக்குப் புதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கலாம். அந்தப் பெரியவருடையதை உடனே முடியுங்கள், ஆடிட்டரிடம் தள்ளிப்போட விடாதீர்கள்.

2021-22 நிதியாண்டிலிருந்து இந்தப் பட்டியல் கட்டாயம், கெடு மே 31, தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பழைய ரசீது புத்தகக் காலம் மாதிரி தோராயமாக எழுதிவைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இனி நடக்காது. பான் இல்லாதவர்களிடம் ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எண்கூட வாங்கிப் போடலாம், பல பேர் இது தெரியாமல் அந்தப் பதிவையே விட்டுவிடுகிறார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது, அதை ரசீது எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான். பெயரும் விலாசமும் இல்லாத பணம் ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளைக்கே 30 சதவீத வரி. இன்னொன்று, 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, ரசீதில் அச்சடித்த பழைய எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை

தங்கச்சி, நான் கோவையில் இதே வேலையில் எட்டு வருஷம். சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். நன்கொடையாளர் விவரம் வைக்கும் சாஃப்ட்வேர்களில் சிவிசிஆர்எம் இலவசம், சேல்ஸ்ஃபோர்ஸ் தொண்டு நிறுவனங்களுக்குப் பத்து பேர் வரை இலவசமாகத் தருகிறது, இரண்டும் நல்லவைதான். ஆனால் இந்த 1,900 பதிவை அப்படியே ஏற்றினால் அங்கேயும் நாலு பழனிசாமிதான் இருப்பார்கள்.

நம் ஊரில் பேரை வைத்து ஆளைப் பிடிக்கவே முடியாது. ஒரே ஊரில் பத்து பொன்னுசாமி, ஆறு நாச்சிமுத்து. மொய் எழுதுகிறவரைக் கவனித்திருக்கிறாயா? ஊர் என்ன என்று கேட்டுத்தான் பேனாவையே வைப்பார், அப்புறம் பேர், அப்பன் பேர், அதிலும் குழப்பம் வந்தால் எந்தத் தோட்டம் என்று கேட்பார். பள்ளக்காட்டுத் தோட்டம் பொன்னுசாமி என்றால் முப்பது வருஷம் கழித்தும் ஆள் மாறாது, ஏனென்றால் அந்த மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். உன் பட்டியலுக்கும் அந்த வழக்கம்தான் வேண்டும்: மொபைல் எண், பான், ஊர். இதில் இரண்டு ஒத்துப்போனால் ஒரே ஆள், பேர் மட்டும் ஒத்துப்போனால் சேர்க்கவே சேர்க்காதே. மொபைலிலும் கவனம், வீட்டில் அப்பா, மகன், மருமகள் மூன்று பேரும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். தப்பாகப் பிரிந்து கிடந்தால் பிறகு சேர்க்கலாம், தப்பாகச் சேர்த்துவிட்டால் பிரிக்க ரொம்பச் சிரமம். மூல ஃபைல் மூன்றையும் தொடாமல் ஒரு பக்கம் வைத்துவிட்டு நகலில் வேலை செய்.

ஜிபேவுக்கு ஒரே வழிதான். பணம் வந்த அன்றைக்கே 12 இலக்க யுபிஐ எண்ணைப் பதிந்து, வாரம் ஒருமுறை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்பார். ஆள் தெரியாத வரவை அந்த வாரத்திலேயே தேடினால் கிடைக்கும், மே மாதம் தேடினால் கிடைக்காது. நாங்கள் அப்படித் தேடியிருக்கிறோம், பாதிக்கு ஆள் கிடைக்கவில்லை.

பெரியவர் மகள் பேர் மாதிரி விஷயங்களுக்குக் குறிப்பு என்று பொதுவாக ஒரு இடம் விடாதே, 'யார் நினைவாக' என்று தனியாகவே ஒன்று போடு. கொடுக்கிறவருக்குப் பணத்தைவிட அதுதான் பெரிசு.

கோபியிலிருந்து சிங்கப்பூர்

கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேனுங்க. நான் இங்கே குடியுரிமை வாங்கி ஆறு வருஷம். ஊரில் நான் படித்த காலத்தில் உதவிய அறக்கட்டளைக்குப் பணம் போட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலில் மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம் அங்கிருந்த அக்கா விளக்கினார்: இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தக் காசானாலும் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை, பாஸ்போர்ட் மாறிவிட்டால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான், அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், பணமும் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதனால் குடியுரிமை என்று ஒரு இடம் விடுங்கள், வருஷா வருஷம் கேளுங்கள், ஆள் அதே ஆளாக இருந்தாலும் பாஸ்போர்ட் மாறியிருக்கும்.

இன்னொரு வேண்டுகோள். வேறொரு இடத்தில் என் தம்பியின் பான் கார்டு படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்தது அல்லவா அது.

தறிச்சத்தம்

எல்லாருக்கும் நன்றிங்க. ஆடிட்டரிடம் பேசிவிட்டேன், திருத்தப் பட்டியல் இந்த வாரம் போகிறது. நொய்யல்கரை அக்கா சொன்னபடி நகலில் ஆரம்பித்தேன், இரண்டு நாளில் 140 பதிவு முடிந்தது. நாலு பழனிசாமியில் மூன்று பேர் ஒரே ஆள், நாலாமவர் ஊத்துக்குளியில் வேறு ஆள், போன் பண்ணி உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆபீஸ் போனில் இருக்கும் பான் படங்களை அழிக்கும் முன் எங்கே பத்திரமாக வைப்பது என்று மட்டும் இன்னும் யோசனையாக இருக்கிறது, நீங்கள் எப்படி வைக்கிறீர்கள் அக்கா?

சனிக்கிழமை காங்கேயம் போகிறேன். அந்தப் பெரியவரிடம் மகள் பேரை அவர் கையாலேயே எழுதி வாங்கி வரப்போகிறேன்.